வெள்ளை விழும்வரை

“எல்லாம் ஆண்டவன் விட்ட வழி” என்று பெருமூச்சு விடுவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் போன வழிகளெல்லாம் முட்டுச்சந்தில் போய் நின்ற பிறகே அந்தப் பெருமூச்சு கிளம்பும் என்பது வீட்டுக்காரிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் சாமியிடம் யோசனை கேட்க முறையான ஏற்பாடே உண்டு. காங்கயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை. அங்கே முருகன் யாராவது ஒரு பக்தர் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கனவு கண்டவர் மலையேறி வந்து சொன்னால் கோயிலில் உடனே நம்பிவிட மாட்டார்கள். சாமியிடமே பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் அந்தப் பொருள் ஆண்டவர் உத்தரவுப் பெட்டிக்குள் போகும். மண், தண்ணீர், துப்பாக்கி என்று என்னென்னவோ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. அடுத்தவர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை, நாளானாலும் மாதமானாலும் அது அங்கேதான். அந்தப் பொருளுக்கு ஏற்றமா இறக்கமா என்பதையும் சாமி சொல்வதில்லை. ஏதாவது நடந்த பிறகு, “அதுக்குத்தான் அன்னிக்கே வெச்சாரு” என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம்.

எங்களூர்க் கோயிலிலும் பூவாக்கு உண்டு. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம்.

மாடியில் ஒரு ரூம் எடுக்கலாமா என்று கேட்டேன். சிவப்பு. பொட்டலத்தைச் சரியாகக் குலுக்கவில்லை என்றேன். மறுபடி சிவப்பு. குழந்தைக்குத் தூக்கக் கலக்கம் என்றேன். வேறு குழந்தை வந்தது, சிவப்பு வேறாகவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. “மாடி எடுக்காம விட்டுரலாமா சாமி?”

பூசாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தார். அதற்கும் சிவப்பு.

“எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்னா என்னங்க அர்த்தம்?”

“எந்திரிச்சு வூட்டுக்குப் போன்னு அர்த்தமுங்க” என்றாள் வீட்டுக்காரி. “பொறத்தால நாலு பேரு நிக்கறாங்க.”

பக்தனுக்குப் பொறுமை வேண்டும் என்று பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சொல்கிறார்கள். சாமியின் பக்கமிருந்து யாரும் யோசிப்பதில்லை. கல்யாணம், கிணறு என்று பெரிய காரியங்களுக்கு வாக்குச் சொல்கிறவர், என்னையும் கேட்டுக்கொண்டு கல்லாகவே உட்கார்ந்திருக்கிறார். நானாக இருந்தால் இரண்டாவது கேள்விக்கே பீடத்தைவிட்டு இறங்கி வந்திருப்பேன்.

பூ கைவிட்டதால் கனவை நம்பிப் படுத்தேன். அடைமழை ராத்திரியொன்றில் குரல் கேட்டது: “பக்கெட்டு... பக்கெட்டு...”

உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து உட்கார்ந்து, “விடிஞ்சதும் சிவன்மலைக்குப் போகோணும். பக்கெட்டு வெக்கச் சொல்லி உத்தரவு ஆயிருக்குது” என்றேன்.

“நாந்தானுங்க சொன்னேன். அடுப்படியில தார்சு ஒழுகுது, பக்கெட்டை எடுத்து வெய்யுங்க” என்றாள். “வருசா வருசம் சாமி சொட்டுச் சொட்டாச் சொல்லிட்டுத்தான் இருக்குது. நீங்க அதுமேல ரூம் எடுக்கறதுக்குப் பூக் கேட்டுட்டுத் திரியறீங்க.”

பக்கெட்டை வைத்துவிட்டு வந்து படுத்தேன். தார்சைப் பழைய மேஸ்திரியை வைத்தே பூசுவதா, வேறு ஆளைப் பார்ப்பதா? வெள்ளிக்கிழமை பூசாரி இருப்பார், கேட்டுவிடலாம்.