எம்.ஏ. அண்ணாச்சி எட்டாவது பாஸ்

எங்கள் ஊர் எம்.ஏ. அண்ணாச்சி எட்டாம் வகுப்பில் தேறிவிட்டார். ரிசல்ட் வந்த அன்று கல்லிடைக்குறிச்சியில் அவருடைய அப்பள டிப்போவுக்குப் போனவர்களுக்கெல்லாம் லாலா கடை லட்டு கிடைத்தது. அவர் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். "அப்பா, தயவுசெஞ்சு ஸ்டேட்டஸ் வைக்காதீங்க. என் பிரண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். அண்ணாச்சி கேட்கவில்லை. மார்க் ஷீட்டைப் படம் பிடித்து வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டு அப்பளத்தை எண்ண உட்கார்ந்தார்.

அம்பை, விக்கிரமசிங்கபுரம், சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் இந்த ரகத்துக்குப் பஞ்சமே இல்லை. அடையாளம் சுலபம். கக்கத்தில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் மூன்று செட் ஜெராக்ஸ், ஆறு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சுயவிலாசமிட்ட உறை ஒன்று. யாரைப் பார்த்தாலும் "நீங்க ரெகுலரா, கரஸ்ஸா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். வயதைக் கேட்டால் ஜூலை மாதம் முதல் தேதிக்குக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

அண்ணாச்சியின் படிப்பு ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தின வாரத்தோடு நின்றுபோனது. அப்பா தவறிவிட்டார். கணக்கு நோட்டும் உளுந்து மூட்டையும் கைக்கு வந்தன. பையன் பள்ளிக்கூடத்தை மறந்தாலும் படிப்பை மறக்கவில்லை. பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பரைப் படிக்காமல் கிழிக்க மாட்டார். அப்படி ஒரு பேப்பரில்தான், தொண்ணூறுகளில், அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. எட்டாவது பாஸா ஃபெயிலா என்ற கவலையே வேண்டாம், 21 வயது ஆகியிருந்தால் நேரே எம்.ஏ. படிக்கலாம் என்று போட்டிருந்தது.

யு.ஜி.சி.யின் 1985ஆம் வருஷத்து விதிமுறை கொஞ்சம் நிதானமானது. பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பு இல்லாதவர்களும், பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறி, ஜூலை 1 அன்று 21 வயதுக்குக் குறையாமல் இருந்தால், தொலைதூரக் கல்வியில் இளங்கலை சேரலாம் என்றது. படிக்க முடியாமல் போனவர்களுக்காக வைத்த வாசல் அது. நியாயமான வாசல் என்பதுதான் என் கட்சி. ஆனால் நம் பல்கலைக்கழகங்கள் சில, வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைப்பது மரியாதை இல்லை என்று இளங்கலையையும் தாண்டி முதுகலையிலேயே உட்கார வைத்து உபசரித்தன. அண்ணாச்சி கீழே வீடே கட்டாமல் மொட்டை மாடியில் குடியேறினார். எம்.ஏ. வரலாறு, இரண்டாம் வகுப்பு.

அந்தப் பட்டம் செல்லுபடியாகாத இடம் என்று எங்கள் ஊரில் எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் செல்லும். கோயில் கொடை நோட்டீஸில் செல்லும். டிப்போ போர்டில் பெயருக்குப் பின்னால், முதலில் பெயின்டரும் பிறகு ஃப்ளெக்ஸ்காரரும் புள்ளி தவறாமல் போட்டுக் கொடுத்தார்கள். சிக்கல் வந்தது அம்பாசமுத்திரம் கோர்ட்டில். பங்காளிகளோடு ஒரு பாகப்பிரிவினை வழக்கு. அண்ணாச்சி தன் வக்கீலுக்கே செக்‌ஷன் எடுத்துக் கொடுக்க, அந்த மனிதர் பொறுக்கமாட்டாமல், "இவ்வளவு தெரிஞ்ச நீங்களே எல்.எல்.பி. முடிச்சுட்டு வந்து வாதாடுங்களேன்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னது. அண்ணாச்சி அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி 1996இல் வந்தது. அண்ணாச்சி விசாரிக்கப் போனபோது, நேரே எம்.ஏ.க்கு வந்த வினை எல்லாம் வந்து முடிந்திருந்தது. 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய முதுகலை செல்லாது என்று சொல்லிவிட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 18இல் தமிழக அரசின் அரசாணை எண் 107: பத்து, பிளஸ் டூ முடித்த பிறகு வாங்கிய பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். சட்டப் படிப்புக்கோ அதற்கு முன்னாலேயே பார் கவுன்சிலின் 2008ஆம் வருஷ விதிகள் வந்து, அடிப்படைப் படிப்பு இல்லாமல் திறந்தநிலையில் நேரே பட்டம் பெற்றவர்கள் சேர முடியாது என்று கதவைச் சாத்தியிருந்தன. கவுன்டரில் இருந்தவர் எம்.ஏ. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூ மார்க் ஷீட்?" என்றார். இல்லை. "டென்த்?" அதுவும் இல்லை. "எயித் டி.சி.யாவது?" என்று அவர் இறங்கி வந்ததை அண்ணாச்சி இன்றைக்கும் பெருந்தன்மை என்றே சொல்கிறார்.

மற்றவர்களாயிருந்தால் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்த்திருப்பார்கள். அண்ணாச்சி அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைத் தேடிப் பிடித்தார். தனித்தேர்வர்களுக்கான எட்டாம் வகுப்புத் தேர்வு, அதாவது இ.எஸ்.எல்.சி. குறைந்தபட்ச வயது பன்னிரண்டரை. "அது நமக்குப் பூர்த்தியாயிட்டுல்லா" என்று சேவை மையத்தில் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்.

பரீட்சை ஹாலில் கண்காணிப்புக்கு வந்த டீச்சர் அவரைக் கண்டதும் தயங்கி நின்றுவிட்டார். கேரளத்தில் பிளஸ் டூ படித்துவிட்டு எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவர் அவர். அந்தச் சான்றிதழுக்கு இணைச் சான்று வாங்க எங்கே போவது, எந்தப் படிவம், எந்தக் கவுன்டர் என்று சகலமும் எழுதிக் கொடுத்து அவரை வேலைக்கு அனுப்பியதே அண்ணாச்சிதான். "நீங்களா அண்ணாச்சி..." என்றார். "ஹால் டிக்கெட்டைப் பாருங்கம்மா. அதுல இருக்கிறது நானா, போட்டோ பொருந்துதான்னு மட்டும் பாத்தாப் போதும்" என்று அண்ணாச்சி நீட்டினார். விதி விதிதான்.

பத்தாம் வகுப்பு வந்தபோது எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைதான் படுத்திவிட்டது. தனித்தேர்வர்களும் ஒதுக்கிய பள்ளிக்குப் போய் அறிவியல் செய்முறை வகுப்பில் உட்கார வேண்டும். 75 மார்க் எழுத்துக்கு, 25 செய்முறைக்கு. அப்பளக்காரத்தைக் கையால் தொட்டே தரம் சொல்லக்கூடிய மனிதர், கரைசல் அமிலமா காரமா என்று லிட்மஸ் தாளை நனைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "நாக்குல வச்சுச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறார். சார் பதறிப்போய்ப் பக்கத்திலேயே நின்றுகொண்டாராம்.

அப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது 2017-18இல்தான். அது தனக்காகவே வந்தது என்று அண்ணாச்சி நம்புகிறார். இங்கே ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். அம்பையில் ஒரு டுடோரியலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளஸ் டூ வரலாறு எடுப்பது அண்ணாச்சி. எம்.ஏ. என்பதால் பெஞ்சுப் பிள்ளைகளுக்கு அவர் சார். அந்த வருஷம் அதே பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே பரீட்சையை எழுதினார். வரலாற்றில் அவரைவிட அவருடைய மாணவி பதினொரு மார்க் அதிகம். "நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கா. நான் எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதிட்டேன்" என்றார்.

இதற்கிடையில் டிப்போத் திண்ணை இலவச ஆலோசனை மையமாகிவிட்டது. பத்தாவது முடித்துப் பேட்டை ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்த பையன் காலேஜில் சேர முடியாது என்று கண் கலங்கி வந்தான். தமிழும் ஆங்கிலமும் மட்டும் பிளஸ் டூ மொழித்தாள் எழுது, ஐ.டி.ஐ.யோடு சேர்த்துப் பிளஸ் டூவுக்குச் சமம் என்று அண்ணாச்சி அனுப்பி வைத்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த பேரனின் ஓ லெவல் இங்கே பத்தாவதுக்குத்தான் சரி, பிளஸ் டூவுக்கு ஏ லெவல் வேண்டும் என்று அக்ரஹாரத்துத் தாத்தா ஒருவரிடம் சொல்லி அவர் மனசை நோகடித்தார். இக்னோவில் பி.பி.பி. என்ற ஆறு மாதத் தயாரிப்புப் படிப்பை முடித்துவிட்டு, பிளஸ் டூவே பாஸ் செய்துவிட்டதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரை உட்கார வைத்து, அது அவர்கள் பட்டப்படிப்பில் நுழையத்தான் சீட்டு, கவர்ன்மென்ட் வேலைக்குப் பிளஸ் டூ ஆகாது என்று விளக்கினார். அரசாணைகளின் எண்ணும் தேதியும் அவர் வாயில் அப்படி வரும். சொந்த மகளின் பிறந்தநாளைத்தான் மதினி ஞாபகப்படுத்த வேண்டும்.

கேலி பேசுகிறவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. "ராமானுஜன் எஃப்.ஏ.யைப் பிரைவேட்டாத்தான் எழுதினாரு, 1907ல. ஃபெயிலு. 1913ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூவா ஸ்காலர்ஷிப் கொடுத்துச்சு. 1916ல கேம்பிரிட்ஜ் டிகிரியே கொடுத்துட்டான். அந்த மனுசன் இன்னைக்கு வந்து குரூப் டூ அப்ளிகேஷன் போட்டா நம்மாளு என்ன கேப்பான்? பிளஸ் டூ எங்கன்னு கேப்பான்." வயதைச் சொன்னால் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுவார். கொல்லம் மாவட்டத்துப் பாகீரதி அம்மா 105 வயதில் கேரள எழுத்தறிவு இயக்கத்தின் நான்காம் வகுப்புச் சமநிலைத் தேர்வு எழுதி, 275க்கு 205 வாங்கினார். "நான் இன்னும் பாதி தூரங்கூட வரலை" என்பார். சான்றிதழ் சரிபார்ப்பு என்றாலே எரிச்சல்படுகிறவர்களை அடக்க வேறொன்று வைத்திருக்கிறார். எங்கள் ஊர்க் குலசேகரமுடையார் கோயில் நடராசர் சிலை 1982இல் களவு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகத்தில் இருந்து 2019இல்தான் திரும்பியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் வைத்திருந்த பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுத்தான் இவர் அவர்தான் என்று முடிவானது. "நடராசருக்கே ஒரிஜினல் வெரிஃபிகேஷன் நடந்திருக்கு. நமக்கென்ன?"

வீட்டில் மட்டும் இந்தப் பேச்சு எடுபடாது. மதினி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய், ஒழுங்காகப் பிளஸ் டூ தேறியவர். அண்ணாச்சி இறங்கி ஏறிக்கொண்டிருந்த வருஷங்களில் ரேஷன் கார்டு, பேங்க் என்று எந்தப் படிவம் வந்தாலும், "சட்டப்படி இந்த வீட்டுல நாந்தான் உங்களைவிடப் படிச்சவ, நானே நிரப்புதேன்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்.

பிளஸ் டூ மார்க் ஷீட் கைக்கு வந்ததும் அண்ணாச்சி மறுபடி சட்டக் கல்லூரிக்குப் போனார். எட்டு, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எம்.ஏ. என்று வரிசையாக மேஜையில் அடுக்கினார். இந்தத் தடவை கவுன்டரில் வேறொருவர். அவர் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை, தேதிகளைப் பார்த்தார். எம்.ஏ. முந்தியது, பிளஸ் டூ பிந்தியது. பிளஸ் டூவுக்குப் பிறகு வாங்கிய டிகிரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

"இது உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? அவருக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

இப்போது பி.ஏ. முதல் வருஷம், அதே வரலாறு. டுடோரியலில் அவரிடம் படித்த அந்தப் பதினொரு மார்க் மாணவி, அதே பி.ஏ.யில் அவருக்கு ஒரு வருஷம் சீனியர். பழைய நோட்ஸ் அவளிடமிருந்துதான் வருகிறது. அந்த நோட்ஸில் பாதி, ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி போர்டில் எழுதிப் போட்டது.

போன வாரம் அப்பளம் வாங்கப் போனபோது, வக்கீலானதும் முதல் வேலையாக அரசாணை 107ஐ எதிர்த்து ஒரு ரிட் போட்டுவிடுவீர்கள் இல்லையா என்று கேட்டு வைத்தேன். அண்ணாச்சி தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை முறைத்தார்.

"என்ன தம்பி பேசுதிய? எட்டாவதுல இருந்து ஒண்ணு விடாம எழுதிட்டு வந்திருக்கேன். இனிமே எவனாவது நேரா எம்.ஏ.ன்னு வந்து நின்னா, விட்டுருவேன்னா நெனச்சிய?"