தலைக்கு மேலே கோட்டை விட்டவர்

1950களின் லண்டன். மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில், அரசாங்கச் செலவில் ஹாம்ஸ்டர் எலிகளை உறைய வைத்துப் பிறகு உயிரோடு எழுப்பும் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. எழுப்பும் முறை எளிது: சூடான கரண்டியை நெஞ்சில் வைப்பார்கள். எலி எழுந்துவிடும், நெஞ்சு வெந்துவிடும். அங்கே வேலை பார்த்த ஜேம்ஸ் லவ்லாக்குக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மேக்னட்ரானைத் தேடிப் பிடித்து, நுண்ணலையால் சூடேற்றும் பெட்டி ஒன்றைச் செய்தார். எலிகள் சூடு படாமல் எழுந்தன. மத்தியானம் அதே பெட்டியில் அவருக்கு உருளைக்கிழங்கு வெந்தது.

உறைந்தும் சாகாத செல்களில் என்னென்ன கொழுப்பு இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதே கட்டடத்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் டோனி ஜேம்ஸும் வாயு குரோமட்டோகிராபி என்று புதுக்கடை திறந்திருந்தார்கள். கலவையை ஆவியாக்கி, நீளக் குழாய்க்குள் வாயுவோடு தள்ளினால், ஒவ்வொரு பொருளும் அதனதன் வேகத்தில் நடந்து தனித்தனியே வெளியே வரும். லவ்லாக் கொண்டுபோன சரக்கோ அவர்கள் கருவியின் கண்ணுக்கே தெரியவில்லை. கூடுதலாகக் கொண்டு வா, இல்லாவிட்டால் நல்ல உணர்கருவியாக நீயே செய்துகொள் என்று அனுப்பிவிட்டார்கள். எலிக்குக் கொழுப்பு ஏறக் காத்திருப்பதைவிடக் கருவி செய்வது சுலபம் என்று பட்டிருக்க வேண்டும்.

முன்பு ஜலதோஷ ஆராய்ச்சிக்காக, அறைக்குள் அலையும் மெல்லிய காற்றை அளக்க ஒரு கருவி செய்திருந்தார். பழைய ராணுவ விமானங்களின் மீட்டர் முகப்பில் இருந்த ரேடியம் பூச்சுதான் அதன் உயிர். பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் போதும், கருவிக்குக் கிறுக்குப் பிடிக்கும். அந்தக் கிறுக்கையே மூலதனமாக்கி, 1957இல் எலெக்ட்ரான் கவர் உணர்கருவியைச் செய்தார். கதிரியக்கம் வாயுவிலிருந்து எலெக்ட்ரான்களை உதிர்க்கும், மின்னோட்டம் ஓடும். குளோரின் உள்ள மூலக்கூறு வந்தால் எலெக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும், ஓட்டம் குறையும். இதை வைத்துத்தான் டிடிடி பூச்சிக்கொல்லி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பின்னால் மோப்பம் பிடித்தார்கள். காப்புரிமையை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. எலெக்ட்ரானைப் பிடுங்கும் கருவியையே பிடுங்கிவிட்டார்கள்.

1961இல் நாசா கூப்பிட்டது. செவ்வாயில் உயிர் தேட மண்ணைத் தோண்டப்போகிறோம் என்றார்கள். எதற்கு வீண் சிரமம், காற்றைப் பாருங்கள், உயிர் இருந்தால் அது காற்றைச் சும்மா விட்டிருக்காது என்றார் இவர். அங்கே கரியமில வாயு தவிர அனேகமாக வேறில்லை, ஆகவே ஆளில்லாத வீடு என்று உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்பும் சொன்னார். நாசாவுக்கு ரசிக்கவில்லை. 1976இல் வைக்கிங் விண்கலங்கள் குரோமட்டோகிராபியையும், மூலக்கூறை எடைபோட்டு அடையாளம் சொல்லும் நிறைநிறமாலைமானியையும் ஜோடி சேர்த்துச் சுமந்துகொண்டு இறங்கின. நிறைநிறமாலைமானிக்கு வெற்றிடம் வேண்டும், குழாயிலிருந்து வருவதோ ஹைட்ரஜன் வெள்ளம். அதை வடிகட்டிய பல்லேடியம் பிரிப்பான் லவ்லாக்கின் யோசனை. மண்ணை வறுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க்கே சொந்தம் என்று அடித்துச் சொல்லும்படி ஒரு கரிமப் பொருளும் அப்போது சிக்கவில்லை.

இத்தனை கோடி கிலோமீட்டர் தள்ளி ஜோசியம் பலித்தவர், தலைக்கு மேலே கோட்டை விட்டார். 1971இல் ஷேக்கில்டன் என்ற கப்பல் பிரிட்டனிலிருந்து அண்டார்டிகா நோக்கிக் கிளம்பியது. ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்து கசியும் சிஎஃப்சி வாயுவைக் கடல் நெடுக அளக்கப் பணம் கேட்டார். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கைக்காசில் கருவி செய்து கப்பலேறினார். லட்சம் கோடியில் சில பத்துப் பங்குதான், ஆனால் பார்த்த இடமெல்லாம் இருந்தது.

1973இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். எழுதியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். இதனால் எந்த ஆபத்தும் இல்லை என்று அபயமும் அளித்தார். மறு வருஷமே மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், அந்த வாயு மேலே போய் உடைந்து, அதன் குளோரின் ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். குளோரினுக்கென்றே மூக்கு செய்தவருக்கு அந்தக் குளோரின்தான் தண்ணி காட்டியது. 1995இல் அந்த இருவருக்கும் பால் க்ரூட்ஸனுக்கும் நோபல் பரிசு. லவ்லாக்குக்குப் பாராட்டு.

அவர் அலட்டிக்கொள்ளவில்லை. 1919 ஜூலை 26இல் பிறந்தவர், 2022 ஜூலை 26இல், 103 வயது நிரம்பிய அன்றைக்கே காலமானார். தீர்ப்பில் சறுக்கினாலும், அளவில் மனிதர் கடைசிவரை கச்சிதம்.