பெருந்தச்சனுக்கு டி.ஆர்.பி. கிடையாது

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது. இதை நம் தொலைக்காட்சிகள் வருஷா வருஷம் புதிதாகக் கண்டுபிடிக்கின்றன. படப்பிடிப்புக் குழு சாயங்காலம் அதே விமானத்தின் நிழலில்தான் வெயிலுக்கு ஒதுங்கி இளநீர் குடித்திருக்கும். குடித்து முடித்ததும் தொகுப்பாளர் எழுந்து வந்து கண்ணை உருட்டுவார்: "விஞ்ஞானமே வியக்கும் மர்மம்!" பின்னால் பேய்ப்பட இசை.

அடுத்தது உச்சியில் 80 டன் ஒற்றைக்கல். அது பல கற்களை இணைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதி எவ்வளவோ காலமாயிற்று. அவர்களையும் கூப்பிடுவார்கள். மணிக்கணக்கில் பேசவிட்டு, "பிரமிப்பா இருக்கும்" என்பதை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள். மிச்ச நேரம் வேற்றுக்கிரகவாசிகளுக்கு வேண்டாமா?

கட்டியது யார் என்பதில் என்ன ஐயா மர்மம்? குஞ்சரமல்லன் என்கிற ராஜராஜப் பெருந்தச்சன். கூட நின்றவர்கள் நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன். கல்லிலேயே இருக்கிறது. சவரத் தொழிலாளிக்கும் தன் பெயரைப் பட்டமாகக் கொடுத்தவன் ராஜராஜன். ஆடவந்த 400 பெண்களும் எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், ஆளுக்கு 100 கலம் நெல் என்று எல்லாவற்றையும் வெட்டிவைத்தான். இவர்களோ நிகழ்ச்சி முடிவில் தங்கள் கேமராமேன் பெயரையே சோப்பு விளம்பரத்துக்கு அடியில் ஓட்டிவிடுகிறவர்கள். தச்சன் பெயரையா சொல்லப்போகிறார்கள்?

ட்ரோன் கோயில் விமானத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. அந்தச் சுவருக்கு உள்பக்கம், மேல்தளத்தில், சிவனே ஆடிக்காட்டும் கரணங்கள் 81. மொத்தம் 108 வர வேண்டும். பாக்கி 27 கற்கள் செதுக்கப்படாமல் மொட்டையாக நிற்கின்றன. உளி ஏன் அங்கே நின்றது? மர்மம்தான் வேண்டுமென்றால் இதல்லவா மர்மம்! கீழே நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் ஒளிந்திருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுசொன்னார். அதுவும் கதைதான். ஆனால் பேய் இல்லை, புதையல் இல்லை, ஆகவே ஸ்பான்சரும் இல்லை.

ஆயிரம் வருஷம் முன்பு பெயரோடு உழைத்த கைகளிலிருந்து கோயிலைப் பிடுங்கி, ஊர்பேர் தெரியாத பறக்கும் தட்டுக்குத் தாரை வார்க்கிறார்கள். அந்த வெட்கங்கெட்ட காரியத்துக்கு 'தமிழர் பெருமை' என்று தலைப்பு வேறு! நாமும் புல்லரித்துப்போய் குடும்பக் குழுவில் பகிர்கிறோம்.

அடுத்த வாரம் சித்தன்னவாசலாம். அங்கே அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் பெயர் கல்வெட்டில் பளிச்சென்று இருக்கிறது. யாரும் போய்ச் சொல்லிவைக்காதீர்கள். முன்னோட்டத்தில் ஏற்கெனவே பேய் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.