ஐந்து கட்டமும் ஒரு கோழிக்காலும்

சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை. ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி போய்விட்டு இந்த ஐந்தையும் பார்க்காமல் ஊர் திரும்புகிறவனை உறவினர்கள் மதிப்பதில்லை. 'பிக் ஃபைவ்' என்கிற இந்தப் பட்டியலை அழகு பார்த்து யாரும் போடவில்லை. துப்பாக்கியோடு காட்டில் நடந்த அந்தக்கால வேட்டைக்காரர்கள், எதைச் சுடப்போனால் அது திரும்பி வந்து நம்மைத் தீர்த்துக்கட்டும் என்ற கணக்கில் போட்டது. ஒட்டகச்சிவிங்கி பாவம், அத்தனை நீளக் கழுத்து இருந்தும் பட்டியலில் இடமில்லை. கையில் செல்போனும் மடியில் முறுக்குப் பொட்டலமுமாகப் போகிற நமக்கு வேட்டைக்காரன் பட்டியல் எதற்கு என்று கேட்டேன். மச்சினன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் அதை அச்சடித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கட்டம் வரைந்து, சட்டைப்பையில் பேனாவோடு வந்திருந்தான்.

நாங்கள் போனது தான்சானியாவின் ங்கோரோங்கோரோ. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய எரிமலை தனக்குள்ளேயே இடிந்து விழுந்ததில் உண்டான பள்ளம். 600 மீட்டர் ஆழம், அடியில் ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர் புல்வெளி. இறங்கியதுமே தந்தம் தரையைத் தொடுகிற ஒரு கிழட்டு ஆண் யானை நின்றது. பள்ளத்துக்குள் தென்படுபவை பெரும்பாலும் இப்படித் தனியாகத் திரியும் கிழடுகள்தாமாம். தாய்களும் குட்டிகளும் மேலே காட்டிலேயே இருந்துவிடுகின்றன. முதல் கட்டத்தில் டிக். காட்டெருமைகள் எங்களைக் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தன. இரண்டாவது டிக். காண்டாமிருகம் என்று ஓட்டுநர் கைகாட்டிய திசையில், பைனாகுலர் வழியே ஒரு சாம்பல்நிறப் புள்ளி தெரிந்தது. அது அசைந்ததாக மச்சினன் சொன்னான். பாறையாகவும் இருக்கலாம் என்றேன். "ஓட்டுநர் பொய் சொல்லுவாரா அத்தான்?" என்று டிக் அடித்தான்.

சிங்கம்தான் எங்களைத் தேடி வந்தது. ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை தூங்குகிற பிராணி அது. தூங்க நிழல் வேண்டும். அந்தப் புல்வெளியிலோ மரங்கள் அரிது. ஆகவே உச்சிவெயிலில் நிற்கிற ஜீப்பின் நிழல் அவற்றுக்கு ஒரு வசதி. ஒரு பெண் சிங்கம் எங்கள் வண்டியின் பின்சக்கரத்தருகே வந்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த மனிதத் தலைகளை ஏறெடுத்தும் பாராமல், தொப்பென்று சரிந்து படுத்தது. வயிறு ஏறி இறங்குவதைக் கையெட்டும் தூரத்தில் பார்க்க முடிந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுத்தோம்.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் என் காதருகே குனிந்தான்.

"அத்தான், எனக்கு அவசரமா ஒண்ணுக்கு வருது."

அந்த ஊரில் இதற்கு 'மருந்து தோண்டப் போவது' என்று நாசூக்காகச் சொல்வார்கள். ஓட்டுநரிடம் அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியில் சிங்கத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், "போலே போலே" என்றார். மெல்ல மெல்ல என்று அர்த்தம். தூங்குகிறவளை எழுப்பி வண்டியெடுக்க அவருக்கு மனமில்லை. மச்சினன் கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தான். எந்தச் சாமி என்று கேட்கவில்லை. அவள் எழுந்து, சோம்பல் முறித்து, அடுத்த ஜீப்பின் நிழலுக்குப் போகும்வரை அவன் சிங்கக் கட்டத்தில் டிக் அடிக்கவே இல்லை. கை ஒத்துழைக்கவில்லை.

இதற்கிடையில் என் மனத்தைக் கவர்ந்தது பட்டியலில் இல்லாத வார்ட்ஹாக் பன்றி. முகமெல்லாம் மரு, வாயோரம் வளைந்த தந்தம். முன்னங்கால்களை மண்டியிட்டுத்தான் புல் மேயும். பயந்தால் வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு ஓடும். பிற விலங்குகள் தோண்டிய வளைகளில் வாடகை இல்லாமல் குடியிருக்கும். உள்ளே போவது பின்பக்கமாக; வாசலில் வம்புக்கு வருகிறவனுக்கு முதலில் தந்தம் தெரிய வேண்டுமல்லவா? இத்தனை யோசிக்கிற ஜீவனுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

கழுதைப்புலிக்கும் அதே கதிதான். சிங்கம் வேட்டையாடும், கழுதைப்புலி திருடித் தின்னும் என்றுதானே படித்தோம்? 1960களில் இதே பள்ளத்தில் இரவிரவாக அவற்றைத் தொடர்ந்த ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் கண்டது வேறு. கழுதைப்புலிகள் தாமே கூட்டமாக வேட்டையாடின. அடித்ததைப் பிடுங்கித் தின்றவை பல சமயம் சிங்கங்கள். இதை விளக்கினேன். "லிஸ்ட்ல இல்லியே அத்தான்" என்றான்.

மதியம் நீர்யானைக் குளத்தருகே சாப்பாடு. அங்கே வண்டியைவிட்டு இறங்கலாம். ஆனால் பருந்துகள் இருப்பதால் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று ஓட்டுநர் எச்சரித்தார். "பருந்தா? எங்க ஊர் மீன் மார்க்கெட்ல பார்க்காத பருந்தா?" என்று மச்சினன் கோழிக்காலோடு வெளியே போய் நின்றான். பின்னாலிருந்து ஒரு காற்று. அவ்வளவுதான். விரல்கள் கோழிக்காலைப் பிடித்த வாக்கில் இருந்தன, கோழிக்கால் இல்லை. நாள் முழுக்க எங்களை ஒரு பொருட்டாக மதித்த ஒரே வேட்டைப் பிராணி அதுதான்.

சிறுத்தை கடைசிவரை கண்ணில் படவில்லை. மேலே ஏறும்போது மச்சினன் காலியாக இருந்த அந்தக் கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு 'சிறுத்தை' என்பதை அடித்துவிட்டு, 'பருந்து' என்று எழுதி, டிக் போட்டான்.