வராத தளபதிக்கு விழுந்த ஓட்டு

எங்கள் டீக்கடைச் சுவரில் நேதாஜி தொப்பியும் ராணுவ உடுப்புமாக நிற்பார். முருகனுக்கும் மீனாட்சிக்கும் நடுவில், ஊதுபத்திப் புகையில் மூக்கு மங்கி, தினமும் ஒரு முழம் பூவோடு. மனுஷர் 1939 செப்டம்பரில் மதுரைக்கு வந்து போனார். அருப்புக்கோட்டைக்கு அதுவே போதுமாயிருந்தது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போன நம் சீமைக்காரர்களில் பலர் அவர் படையில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கரிசலில் உட்கார்ந்து மழைக்கும் நேதாஜிக்கும் சேர்த்தே காத்திருந்தார்கள்.

1952-ல் அமெரிக்காக்காரன் ஐசனோவர் என்கிற ஜெனரலை ஜனாதிபதியாக்கினான். அதே வருஷம் நேதாஜி தொடங்கிய பார்வர்டு பிளாக்கின் முத்துராமலிங்கத் தேவர் இங்கே எம்.பி. தொகுதியிலும், முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் ஜெயித்து, டெல்லிப் பதவியை வேண்டாமென்று விட்டார். தேவரின் செல்வாக்கு தனிக் கணக்கு. ஆனாலும் மேடைக்கு மேடை தளபதி நேதாஜியும் கூடவே வந்தார்.

நேரு உஷார் பேர்வழி. 1953-ல் ஓய்வு பெற்ற தளபதி கரியப்பாவை ஆஸ்திரேலியாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார். கங்காருவுக்கு ஓட்டுரிமை கிடையாதே! 1971-ல் கரியப்பா ஒருவழியாகத் தேர்தலில் நின்றார்; தோற்றார். உயிரோடு நேரில் வந்து ஓட்டுக் கேட்டால் அவ்வளவுதான் மரியாதை.

நேதாஜி 1945 விமான விபத்தில் இறந்தாரா என்று விசாரிக்க 1956-ல் குழு போட்டார்கள். தலைவர் ஷா நவாஸ் கான். நேதாஜி படையில் அதிகாரியாயிருந்து, செங்கோட்டையில் குற்றவாளிக் கூண்டில் நின்று, பிறகு காங்கிரஸ் எம்.பி. ஆனவர். நேதாஜி உயிரோடிருக்கிறார் என்று சொல்லிவந்த தேவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். தேவர் திருப்பிக் கேட்டார்: போர்க் குற்றவாளிப் பட்டியலில் நேதாஜி பெயர் இருக்கிறதா, இல்லையா? பதில் வரவில்லை, சாட்சியமும் வரவில்லை. பக்கத்துத் திருச்சுழியில் பிறந்த ரமணரிடம் எதைக் கேட்டாலும், கேட்பது யார் என்று விசாரி என்பாராம். இந்த மண்ணுக்குச் சாட்சி தேடி வருகிறவன் அதையாவது தெரிந்துகொண்டு வந்திருக்கலாம்.

இறந்துவிட்டார் என்று குழு முடித்தது. குழுவிலிருந்த நேதாஜியின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் கையெழுத்துப் போட மறுத்தார். எங்கள் ஊர் 1962-ல் மறுபடியும் தேவரையே ஜெயிக்க வைத்தது.

1977-ல் சினிமாவில் வாள் வீசிய எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்றார். ஜெயித்து முதலமைச்சரும் ஆனார். டீக்கடைக்காரர் நேதாஜிக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஆணி அடித்தார். பூ மட்டும் ஆளுக்கு அரை முழமாகக் குறைந்தது.