சட்டப் பேராசிரியர் பல்கலைக்கழகத் தலைவர் ஆவது எப்படி?

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கா. அங்கே பல்கலைக்கழகத் தலைவர் என்றால் ஏறக்குறைய நம் ஊர்த் துணைவேந்தர்தான். ஆனால் ஹார்வர்டு, யேல் மாதிரியான தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் பதவிக்காக ஆளுநர் மாளிகைப் பக்கம் போக வேண்டிய வேலை இல்லை. ஆட்சிக்குழுவில் உள்ளவர்கள் கூடிப் பேசி ஆளைப் பிடிப்பார்கள். அவர்கள் கண்ணுக்குச் சட்டக்காரர் எப்போதும் அழகாகத் தெரிவார். வம்பு வந்தால் சமாளிப்பார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

தொடங்க வேண்டிய இடம் உச்ச நீதிமன்றம். வக்கீலாக அல்ல, நீதிபதிக்கு உதவியாளராக. பின்னாளில் பல்கலைக்கழகத் தலைவரான லீ பாலிஞ்சர் தலைமை நீதிபதி வாரன் பர்கரிடம் இருந்தார். அவரைப் போலவே தலைவரான லிஸ் மெகில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கிடம் இருந்தார். ஒரு வருடம் போதும். அந்த ஒரு வருடத்தை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். பிறகு ஒரு புத்தகம் எழுதுங்கள். தடிமனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எட்வர்ட் லெவி 1949இல் சட்டத்தில் தர்க்கம் எப்படி நடக்கிறது என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். சட்டக் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளைகள் கையில் அது இன்றும் இருக்கிறது.

அடுத்தது டீன் பதவி. இதில் அவசரம் காட்டுவது நல்லது. ராபர்ட் ஹச்சின்ஸ் 28 வயதில் யேல் சட்டப்பள்ளிக்கு டீன். 1929இல், 30 வயதில், சிகாகோ பல்கலைக்கழகத்துக்கே தலைவர். அந்த வயதில் நம்மில் பலர் முனைவர் பட்ட வழிகாட்டியின் கையெழுத்துக்காக வராந்தாவில் நின்றிருப்போம். இளம் வயதில் வந்தால் துணிந்து சில காரியங்கள் செய்யலாம். ஹச்சின்ஸ் கல்லூரிக் கால்பந்தில் கை வைத்தார். அது காலால் ஆடும் பந்து அல்ல, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டம். அங்கே அது மதம். 1939இல் சிகாகோ அணி மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. அந்த டிசம்பரிலேயே அணியைக் கலைத்துவிட்டார்கள். காலியாகக் கிடந்த மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டியது. கால்பந்தை நிறுத்தினால் இப்படியெல்லாம் ஆகும் என்று பழைய மாணவர்கள் சொல்லியிருந்தால் அதை மறுப்பதும் கஷ்டம்தான்.

இனிதான் பாடம். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மாணவர்கள் வந்து ஏதாவது ஒரு கட்டடத்தில் உட்காருவார்கள். இதற்குச் சட்டம் மிகத் தெளிவு: அத்துமீறி நுழைதல். தொலைபேசியை எடுத்தால் போலீஸ் வரும். தயவுசெய்து எடுக்காதீர்கள். 1969 ஏப்ரலில் ஹார்வர்டு தலைவர் நேதன் பூசி எடுத்தார். விடியும் முன்பே போலீஸ் உள்ளே போனது, தடியடி, கைது. அதுவரை சும்மா இருந்த மாணவர்களும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்துகொண்டார்கள். பூசி வக்கீல் இல்லை, பண்டைய கிரேக்கம் படித்தவர். அதே காலத்தில் அதே ஹார்வர்டின் சட்டப்பள்ளியில் டெரெக் போக் என்கிற தொழிலாளர் சட்டப் பேராசிரியர் டீனாக இருந்தார். அவருடைய மாணவர்களும் நூலகத்தில் உட்கார்ந்தார்கள். போக் கைகளில் காபியும் டோனட்டும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனார். 1971இல் பூசி கிளம்பியபோது அந்த நாற்காலி போக்குக்கு வந்தது. இருபது ஆண்டுகள் இருந்தார். டோனட்டுக்கு இவ்வளவு வட்டி வேறெங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை. தொழிற்சங்கமும் முதலாளியும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைப் பாடமாக நடத்தியவருக்கு, எதிராளி பசியோடு இருக்கும்போது பேச்சு நகராது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

யேல் தலைவர் கிங்மன் பிரூஸ்டரும் ஹார்வர்டில் சட்டம் நடத்தியவர். 1970 மே தினத்தன்று, பிளாக் பேந்தர் என்ற கறுப்பினப் புரட்சி அமைப்பினர் மீதான வழக்கை எதிர்த்து, யேல் இருக்கும் நியூ ஹேவனுக்குள் பெருங்கூட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் கதவைப் பூட்டாமல் திறந்துவிட்டார். தங்க இடம், சாப்பாடு. பெரிய சேதமில்லாமல் போனது. ஆனால் கறுப்பினப் புரட்சியாளருக்கு இந்த நாட்டில் நியாயமான விசாரணை கிடைக்குமா என்பது தனக்குச் சந்தேகம் என்றும் சொல்லிவைத்தார். துணை ஜனாதிபதி ஆக்னியூ இவரை மாற்ற வேண்டும் என்று முழங்கினார். எனவே சோறு போடுங்கள், சட்டக் கருத்தைச் சட்டைப்பையிலேயே வையுங்கள்.

காபி பிடிக்காதவர்களுக்கு, சின்னப் புத்தகம் போட்டுப் பிறகு சிகாகோ தலைவரான லெவியின் வழி இருக்கிறது. 1969இல் சிகாகோ நிர்வாகக் கட்டடத்தை மாணவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்தார்கள். லெவி போலீஸைக் கூப்பிடவில்லை, கோரிக்கைக்கும் இறங்கவில்லை. அலுவலகத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தார். மாணவர்களே அலுத்துப்போய் எழுந்தார்கள். அப்புறம் ஒழுங்கு நடவடிக்கைக் குழு உட்கார்ந்தது. 42 பேர் நீக்கம். தடியில்லாமல் அடிப்பது எப்படி என்பதற்கு இதைவிடப் பாடம் கிடையாது. எனக்கு அது கொஞ்சம் குளிர்ச்சியாகவே படுகிறது. ஆனால் வாட்டர்கேட் சேற்றுக்குப் பிறகு நீதித் துறையைக் கழுவ ஆள் தேடிய ஜனாதிபதி ஃபோர்டு 1975இல் இவரைத்தான் அட்டர்னி ஜெனரல் ஆக்கினார்.

வழக்குகள் வரும். பயப்பட வேண்டாம், அதில் பேர் கிடைக்கும். பாலிஞ்சர் மிச்சிகன் தலைவராக இருந்தபோது, சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை எதிர்த்து இரண்டு வழக்குகள் அவர் பெயரைப் போட்டுத் தொடுக்கப்பட்டன: கிராட்ஸ் எதிர் பாலிஞ்சர், கிரட்டர் எதிர் பாலிஞ்சர். 2003 ஜூனில் ஒரே நாளில் ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி. அதற்குள் அவர் கொலம்பியாவுக்குப் போயாகிவிட்டது. சட்ட மாணவர்கள் கட்டுரையில் எழுதும் பெயராக மாறுவது பேராசிரியருக்கு வாய்க்காத பாக்கியம். 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியின் அடித்தளத்தையே பெயர்த்தது. மறுநாள் ஜூன் 30, கொலம்பியாவில் அவருடைய கடைசி நாள். நேரம் பார்த்து ஓய்வு பெறுவதும் ஒரு கலை.

இப்போது ஆபத்தான இடம்: நாடாளுமன்றக் குழு விசாரணை. இருபது வருடமாக வகுப்பில் எந்தக் கேள்வி வந்தாலும் 'அது சூழலைப் பொறுத்தது' என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் இந்த உயரத்துக்கு வந்திருப்பீர்கள். சட்டப்பள்ளியில் அதற்கு முழு மதிப்பெண். ஸ்டான்ஃபோர்டு சட்டப்பள்ளியின் டீனாக இருந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தலைவரான லிஸ் மெகில் 2023 டிசம்பர் 5 அன்று அங்கே உட்கார்ந்தார். யூதர்களை இனப்படுகொலை செய்யச் சொல்லிக் குரல் கொடுப்பது உங்கள் விதிகளை மீறுவதாகுமா, ஆமா இல்லையா என்று குழு உறுப்பினர் எலீஸ் ஸ்டெஃபானிக் திரும்பத் திரும்பக் கேட்டார். பேச்சு எப்போது மிரட்டலாகிறது என்பது சூழலைப் பொறுத்தது என்ற பொருளில் மெகில் பதில் சொன்னார். பேச்சுரிமைச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பதிலில் பெரிய பிழை இல்லை. தேர்வுத் தாளாக இருந்தால் 'ஏ' கிரேடு. ஆனால் திருத்தியவர்கள் தொலைக்காட்சி பார்த்தவர்களும் நன்கொடை தருபவர்களும். அவர்களுக்கு அது கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். மறுநாள் விளக்க வீடியோ. நான்காம் நாள் ராஜினாமா.

ஆகையால் அந்த அறைக்குள் போகும்போது வக்கீலை வெளியே நிறுத்துங்கள். வெளியில் உட்காருபவர் துணைக்கு வந்த வக்கீல் மட்டுமல்ல, உங்களுக்குள் இருப்பவரும். இழவு வீட்டில் உயிலைப் படிக்காத ஆள்தான் அங்கே தேவை.

கடைசியாகப் பணி ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் சட்டப்பள்ளியில் உங்கள் பேராசிரியர் இடம் நிரந்தரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு எந்த ஷரத்தும் இவ்வளவு முக்கியமில்லை. மெகில் தலைவர் பதவியை விட்டபோதும் பேராசிரியராக நீடித்தார். ஓய்வு பெற்ற பிறகு தொலைபேசி எண்ணை மாற்றிவிடுவதும் உத்தமம். டெரெக் போக் மாற்றவில்லை போலிருக்கிறது. 2006இல் ஹார்வர்டு தலைவராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் ஆசிரியர்களோடு முட்டிமோதி விலகியதும் ஹார்வர்டு போக்கைத்தான் தேடிப் போனது. 76 வயதில் இன்னொரு வருடம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்.