கடைப்படி ஏறாதவர்கள்

கும்மிடிப்பூண்டிக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்து புகைபோக்கிகள் எழும்புவதற்கு முன்னால், ஜி.என்.டி. ரோட்டின் ஓரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துவிட்டு லாரிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் "அந்தக் கடைப்படி மட்டும் ஏற மாட்டோம்" என்று சொல்வதற்கு ஒரு கடை இருந்தது. எடையில் கை வைத்த மளிகைக் கடையாக இருக்கும், கடன் கேட்ட அம்மாவை நாலு பேர் முன்னால் ஏளனமாகப் பேசிய ஜவுளிக்கடையாக இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடை இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அது ஒரு டீக்கடை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். காலையில் ஒன்று, பள்ளி விட்டதும் ஒன்று என்று அந்தக் கடை டீ இல்லாமல் அவருக்குப் பொழுது நகராது. ஒருநாள் அவரிடம் படித்த பையன், காலனியிலிருந்து வந்து படித்து வேலைக்கும் போய்விட்டவன், அதே கடையில் டீ கேட்டபோது, கீற்றில் செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரை அவனே எடுத்து, அவனே கழுவி நீட்ட வேண்டியிருந்தது. அப்பா கையிலிருந்த கண்ணாடி கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்ததைத்தான். ஒரு வாரம் போனதும் கடைக்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார். "என்ன சார், கடைப்பக்கமே காணோம்? டீயில ஏதாவது குறையா?" என்று கேட்டார். அப்பா குறையை எடுத்துச் சொன்னார். ஊர் ஒத்துக்காது சார் என்றார் அவர். அப்படின்னா ஊர் ஒத்துக்கிற வரைக்கும் எனக்கு டீ வேண்டாம் என்றார் அப்பா. அம்மா இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வருஷக்கணக்கில் அது அப்படியே நீடித்தது. வழியில் பார்த்தால் கும்பிடு உண்டு, கல்யாணம் காட்சிக்குப் போக்குவரத்து உண்டு, டீ மட்டும் கிடையாது. வேறு சில வாத்தியார்களும் அந்தக் கடையை விட்டார்கள். கடைசியில் மகன் கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் எல்லா கிளாஸும் ஒரே தொட்டியில் கழுவப்பட்டன. அன்று சாயங்காலமே அப்பா போய் டீ குடித்தார்.

அத்தைக்கு ஒரு பஸ். பழவேற்காட்டுப் பெண்கள் மீன்கூடையோடு கைகாட்டினால் நிறுத்தாமல் போகும் ஒரு தனியார் பஸ் அது. அத்தை வெயிலில் நின்றாலும் நிற்பாளே ஒழிய அதில் கால் வைக்க மாட்டாள். நாம ஒருத்தர் ஏறலைன்னா அவனுக்கு என்ன ஆகிடப் போவுது என்று நான் கேட்டால், "அவனுக்கு ஒண்ணும் ஆவாது, ஏறினா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்டா" என்பாள். நானும் பல வருஷம் யோசித்துவிட்டேன்; புறக்கணிப்புக்கு இதைவிட நேர்மையான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அப்பா வகுப்பில் சொன்ன தூத்துக்குடிக் கதையும் இதே ரகம்தான். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஏறினால் குடை இலவசம் என்கிற வரைக்கும் இறங்கிவந்தது. 1908இல் கோரல் மில் வேலைநிறுத்த நாள்களில், சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய வழக்கறிஞர் ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு நாவிதர் எழுந்துபோனார். அவருக்குக் கப்பலும் இல்லை, பங்கும் இல்லை. கையில் ஒரு கத்தி இருந்தது, அதை மடக்கி வைத்தார்.

சிப்காட் வந்தது, வேலை வந்தது, வாடகை வீடுகள் வந்தன, கோலி சோடா போனது. குண்டை அழுத்தும்போது வரும் அந்தச் சத்தத்தையும் மூக்கில் ஏறும் காரத்தையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஊறுகிறது. 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது, 1993இல் திரும்பி வந்தது. வந்த கையோடு தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கோக் வேண்டாம், லிம்கா கொடுங்க என்று சொன்னால் காசு ஒரே பெட்டிக்குத்தான் போகும் என்ற நிலைமை அன்றைக்கே வந்துவிட்டது. டீக்கடைக்காரரின் முகம் அப்பாவுக்குத் தெரியும்; இந்தக் குப்பிக்குப் பின்னால் யார் முகம் என்று எனக்குத் தெரியவில்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய பிள்ளைகள் பெப்சியும் கோக்கும் வேண்டாம் என்றபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. விக்கிரமராஜாவின் வணிகர் சங்கப் பேரமைப்பும் வெள்ளையனின் வணிகர் சங்கப் பேரவையும் மார்ச் 1 முதல் விற்பதில்லை என்று அறிவித்தன. கம்பெனி கொடுத்த சிவப்பு ஃப்ரிட்ஜுக்குள் 1916இல் விருதுநகரில் பிறந்த காளிமார்க்கின் பொவொன்டோ நிறைந்து நின்றது. தாமிரபரணித் தண்ணீரை ஆலைகள் எடுப்பதற்கு எதிரான கோபம் அதற்குள் இருந்தது. நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆலைக்கு ஆயிரம் லிட்டர் ரூ.37.50 என்ற கணக்கு வீடு வீடாகப் பேசப்பட்டது. விற்பனையை நிறுத்திய மறுநாளே, மார்ச் 2 அன்று, ஆலைகள் ஆற்றுநீர் எடுப்பதற்கு எதிரான வழக்குகளை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. எங்களுக்கு இது நெல்லைச் செய்தி மட்டுமல்ல. கோக் நிரப்பும் ஆலை ஒன்று எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நேமத்தில் இருந்தது. அதில் வேலை பார்த்ததும் நம் பிள்ளைகள்தான்.

அந்தப் புறக்கணிப்பு சரியானது என்றே இன்றும் சொல்வேன். ஆனால் வெயில் ஏற ஏறப் பழைய குப்பிகள் ஒவ்வொன்றாக ஃப்ரிட்ஜுக்குத் திரும்பின. அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் இனப்பாகுபாட்டை எதிர்த்து 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். அவர்கள் கால்களை மட்டுமா நம்பினார்கள்? வாராவாரம் தேவாலயத்தில் கூடிப் பேசினார்கள். யாரிடம் என்ன கேட்கிறோம் என்று தெரிந்திருந்தார்கள். நமக்குக் குப்பியின் பெயர் ஞாபகம் இருந்தது, தண்ணீர் மறந்துபோயிற்று.

தண்ணீரோ எங்கள் கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் கிணறுகள் பல பத்தாண்டுகளாகச் சென்னையின் தாகத்துக்குக் கொடுத்தன. கொடுத்துக் கொடுத்து மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அந்த மீஞ்சூரின் பெயரிலேயே 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். இன்று எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் வாங்கிக் குடிக்கிறோம். அன்று ஆயிரம் லிட்டருக்கு ஆலை கொடுத்த காசு இன்று ஒரு கேனுக்குத்தான் சரியாக இருக்கிறது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேன் போடும் பையனிடம் கேட்டேன். தெரியாது அங்கிள், ஆப்ல ஆர்டர் வந்தா போடுவேன் என்றான். அவனிடம் கோபித்து என்ன பயன்? நான் நாளை கேனை நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க என் திண்ணைக்கு யாரும் வரப்போவதில்லை. பழைய காலத்தில் நான் தேடுவது இந்த ஒன்றைத்தான்: நாம் கோபித்துக்கொண்டால் தேடிவர ஒரு ஆள் இருந்தார்.

அவர் வராவிட்டால் நாம்தான் போக வேண்டும். வாங்குவதை நிறுத்துங்கள், நிறுத்திய காரணத்தைக் கடைக்காரரிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவராவது கம்பெனி ஆளிடம் சொல்வார். நம் ஊராட்சிகளில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. இந்த ஊர் எல்லைக்குள் எத்தனை ஆழ்துளைக் கிணறு, யாருடையது, ஒருநாளைக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எழுந்து கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.